சாயம் ஏறாத புரதம்: சிறுநீரகத்தின் தண்ணீர்க் கதவும் அதைத் தட்டும் கையும்

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அலுப்பூட்டும் வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பலரும் புரதத்தைச் சுத்தம் செய்வதைத்தான் சொல்வார்கள். ஒன்றைத் தேடிப் போனால் கூடவே பத்து ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும். 1980களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் பீட்டர் ஆக்ரே இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அவர் தேடியது ரத்தச் சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் ஆர்.எச். புரதம். ரத்த வகையோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதற்குக் காரணமானது. அதன் எடை சுமார் 32 ஆயிரம் டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அதோடு 28 ஆயிரம் டால்டனில் இன்னொன்றும் வந்து நின்றது.

ஆர்.எச். புரதமே உடைந்து விழுந்த துண்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முயலுக்கு ஊசி போட்டு ஆர்.எச்.சுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கப் பார்த்தார்கள். முயலின் எதிர்ப்பொருளோ ஆர்.எச்.சைச் சட்டை செய்யாமல் இந்த 28ஐத்தான் பிடித்துக்கொண்டது. துருவிப் பார்த்தபோது இரண்டுக்கும் உறவே இல்லை என்று தெரிந்தது. அழுக்கு என்று ஒதுக்கியது தனிப் புரதம்.

சிவப்பணுவின் சவ்வு அப்போது ஏற்கெனவே பலர் அலசிவிட்ட ஒன்று. அப்படியிருக்க, ஒவ்வொரு அணுவிலும் ஏறக்குறைய 2 லட்சம் பிரதிகள் இருக்கும் ஒரு புரதத்தை எப்படித் தவறவிட்டார்கள்? காரணம் சாயம். புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, கூமாசி நீலம் என்ற சாயத்தில் ஊறவைப்பது வழக்கம். புரதம் இருக்கும் இடத்தில் நீலப் பட்டை தெரியும். இந்தப் புரதத்தில் அந்த நீலம் சரியாக ஏறாது. வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றினால்தான் பட்டை பளிச்சென்று வரும். பார்த்தவர்கள் எல்லோரும் நீலத்தில் பார்த்தார்கள், அவ்வளவுதான். கண்ணெதிரே இருந்தும் காணாமல் போன பொருள் என்றால் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே புரதம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடியபோது அடுத்த துப்பு சிறுநீரகத்தில் கிடைத்தது. சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானின் முதல் பகுதி அண்மைச் சுருள் குழல். அதிலும், அதையடுத்து வரும் ஹென்லே வளைவின் இறங்கு பகுதியிலும் அது குவிந்து கிடந்தது. சிவப்பணுவுக்கும் சிறுநீரகக் குழலுக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்?

இதற்குப் பதில் சொல்லச் சிறுநீரகத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவோ 3 லிட்டர்தான். ஆக, அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிகட்டிக்குள் போய் வருகிறது. கடைசியில் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவில். மிச்சம் 178 லிட்டருக்கு மேல் ரத்தத்துக்கே திரும்புகிறது. இதில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள் குழலிலேயே, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் திரும்பிவிடும். உத்தரவுக்குக் காத்திருப்பது கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளம். நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரின் அடர்த்தி 1,200 மில்லியாஸ்மோல் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவைச் சொல்லும் அலகு) வரை ஏறும். நிறையக் குடித்தால் 50 வரை இறங்கும். ரத்தத்தின் அடர்த்தியோ 285ஐ ஒட்டியே நிற்கிறது. சேகரிப்பு நாளத்தின் சுவர் தண்ணீருக்குத் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே இத்தனை வித்தியாசமும்.

சரி, சுவர் என்பது என்ன? செல்களின் சவ்வுதான். சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. கொழுப்பு வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்தக் கசிவே போதும் என்று ஒரு சாரார் நெடுநாள் வாதிட்டார்கள். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகக் குழலிலும் தண்ணீர் பாயும் வேகத்துக்குக் கசிவுக் கணக்கு ஒத்துவரவில்லை. 1970இல் ராபர்ட் மேசியும் அவருடைய சகாவும் பாதரசச் சேர்மங்களைக் கொடுத்தால் சிவப்பணுவுக்குள் தண்ணீர் போகும் வேகம் சட்டென்று குறைகிறது என்று காட்டினார்கள். பாதரசத்தை நீக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தால் வேகம் திரும்பிவிடுகிறது. பாதரசம் கொழுப்பைப் பிடிக்காது, புரதத்தில் இருக்கும் கந்தகத்தைத்தான் பிடிக்கும். அப்படியென்றால் புரதத்தாலான வாசல் ஒன்று இருந்தாக வேண்டும். 1986இல் ருமேனியாவின் குளூஜ் நகரில் கியோர்கே பெங்காவின் குழு கதிரியக்கப் பாதரசச் சேர்மத்தைக் கொண்டு, சிவப்பணுச் சவ்வில் அது எந்தப் புரதங்களில் போய் ஒட்டுகிறது என்று அடையாளம் காட்டியது. ஆனால் வாசலைத் தனியே பிரித்தெடுத்து இதுதான் என்று யாராலும் கையில் காட்ட முடியவில்லை. 2003இல் ஆக்ரேக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு, பெங்காவுக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தடயம் காட்டுவதும் ஆளையே பிடித்து நிறுத்துவதும் ஒன்றல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ரே இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. அவர் படித்தது மருத்துவம், தேர்ந்தெடுத்தது ரத்தவியல். 1949இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தார். அப்பா கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். மகனோ பள்ளியில் வேதியியலில் ‘டி’ வாங்கியவர். இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்வார், வேதியியல் நோபல் வாங்கியவர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்தபோது அவருடைய முதல் ஆய்வு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சைச் சுத்தம் செய்வது. காலரா நச்சின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம். அப்புறம் நார்த் கரோலைனாவில் ரத்தவியல் பயிற்சி. 1981இல் ஹாப்கின்ஸுக்குத் திரும்பி, சிவப்பணுவின் சவ்வைத் தாங்கி நிற்கும் புரதங்களில் வேலை. ஆர்.எச். தேடல் அதற்குப் பிறகு வந்தது.

28 என்ன செய்கிறது என்று தெரியாமல் ஆக்ரே பலரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு ஃப்ளோரிடா போய்த் திரும்பும் வழியில் சாப்பல் ஹில்லில் தன் பழைய ஆசிரியர் ஜான் பார்க்கரைப் பார்க்க இறங்கினார். பார்க்கர் ரத்தவியல் மருத்துவர், சிவப்பணுவின் உடலியங்கியலில் ஊறியவர். சிவப்பணு, சிறுநீரகக் குழல் என்று இரண்டு இடங்களைச் சொன்னதும், எல்லோரும் தேடுகிற தண்ணீர் வாசல் இதுவாக இருக்குமோ என்று கேட்டவர் அவர்தான். ஆக்ரேயின் வாழ்க்கையில் திருப்பம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வழிநடைப் பேச்சுதான்.

1991இல் கிரிகரி பிரெஸ்டன் அந்தப் புரதத்தின் மரபணு வரிசையைப் படித்து முடித்திருந்தார். அதன் சாயலில் கண் லென்ஸில் ஒரு புரதம், செடிகளில் சில, பாக்டீரியாவில் ஒன்று, பழ ஈயில் ஒன்று என உறவுகள் கிடைத்தன. ஆனால் எதன் வேலையும் தண்ணீர் கடத்துவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. நிரூபிக்க ஒரே வழி, தண்ணீர் வாசல் இல்லாத ஒரு செல்லில் இந்தப் புரதத்தை வைத்துப் பார்ப்பது.

அதற்கு உதவியது ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை. குளத்து நீரில் இடப்படும் முட்டை அது. செல்லுக்குள் உப்பு அதிகம், வெளியே உப்பே இல்லை. சவ்வு தண்ணீரை விட்டால் முட்டை ஊதி வெடித்துவிடும். அதனால் இயல்பிலேயே அதன் சவ்வு தண்ணீரை லேசில் விடாது. ஒரு மில்லிமீட்டர் அளவிலான அந்த முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் 28இன் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள். செல் அதைப் படித்துப் புரதம் செய்து சவ்வில் பதிக்க மூன்று நாள் விட்டார்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் செலுத்திய முட்டைகள், ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு இரண்டையும் உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். வெறும் முட்டை அப்படியே கிடந்தது. 28 உள்ள முட்டை நொடிக்கு நொடி பருத்து, மூன்று நிமிடத்துக்குள் வெடித்தது. பாதரச உப்பைக் கலந்தால் பருப்பது நின்றது. பாதரசத்தை நீக்கினால் மறுபடி பருத்தது. மேசி சிவப்பணுவில் கண்டது அப்படியே இங்கே நடந்தது. 1992 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. பிறகு அந்தப் புரதத்துக்கு அக்வாபோரின்-1 என்று பெயரிட்டார்கள். ‘அக்வா’ என்றால் தண்ணீர், ‘போர்’ என்றால் துளை. 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பொட்டாசியம் வாசலின் வடிவத்தைக் கண்ட ரோடரிக் மெக்கின்னனோடு ஆக்ரே பகிர்ந்துகொண்டார்.

ஒரு துளை வழியாக நொடிக்கு சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகின்றன. ஒற்றை வரிசையில். குறுகலான இடத்தில் துளையின் விட்டம் ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குச் சற்றே மேல், 2.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்). ஆச்சரியம் அதுவல்ல. வரிசையாக நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியைக் கைக்குக் கை மாற்றி மின்னல் வேகத்தில் கடத்தக்கூடியவை. அப்படிக் கடத்தினால் செல்லின் அமிலச் சமநிலை நொடியில் சரிந்துவிடும். துளையின் நடுவில் ஒவ்வொரு மூலக்கூறும் தலைகீழாகப் புரண்டுதான் கடந்து போக வேண்டும், அங்கே அந்தக் கைமாற்று அறுந்துவிடும். குறுகலான இடத்தில் நேர்மின் ஏற்றமும் நிற்கிறது. அதனால் தண்ணீர் போகும், ஹைட்ரஜன் அயனி போகாது.

இதுவரை சொன்னது எப்போதும் திறந்தே கிடக்கும் வாசல். அக்வாபோரின்-1க்கு மூடத் தெரியாது. ஆனால் சிறுநீரகத்தின் உண்மையான சாமர்த்தியம் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் சேகரிப்பு நாளத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதை தவளை முட்டைக்கு முப்பது வருடம் முன்பே வேறொரு பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. ஆக்ரேயின் பெயர் பெரிதாகத் தெரிவதால் இந்தப் பாதிக் கதை மங்கிப்போகிறது என்ற குறை எனக்கு உண்டு.

மூளையின் அடியில் பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை ஏறினாலே போதும், மூளை கண்டுகொண்டு இதை அனுப்பிவிடும். ஒன்பதே அமினோ அமிலம் கொண்ட சின்ன மூலக்கூறு. அதன் அமைப்பைக் கண்டுபிடித்து ஆய்வகத்திலேயே செய்தும் காட்டியவர் வின்சென்ட் டு விக்னோ. 1955இல் நோபல் வாங்கினார். பிட்யூட்டரிச் சாறு கொடுத்தால் அளவுக்கு மீறிச் சிறுநீர் போவது குறைகிறது என்பது 1913லேயே மருத்துவர்களுக்குத் தெரியும். தெரியாதது, ரத்தத்தில் வந்து செல்லின் வெளியே நிற்கும் ஹார்மோன், சுவரின் மறுபக்கத்தில் இருக்கும் தண்ணீர் வழியை எப்படித் திறக்கிறது என்பது.

1950களின் பிற்பகுதியில் எர்ல் சதர்லாண்ட் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார். ஹார்மோன் செல்லுக்குள் போவதில்லை, வாசலில் நின்று சேதி சொல்கிறது, உள்ளே அந்தச் சேதியைச் சுமந்து ஓடுவது சைக்ளிக் ஏ.எம்.பி. என்றார். 1962இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜாக் ஆர்லஃபும் ஜோசப் ஹேண்ட்லரும் தேரையின் சிறுநீர்ப்பையில் இதைச் சோதித்தார்கள். தேரைக்கு அந்தப் பைதான் தண்ணீர்த் தொட்டி, வறட்சியில் அதிலிருந்து தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதில் வாசோபிரெசின் கொடுத்தாலும் சைக்ளிக் ஏ.எம்.பி. கொடுத்தாலும் ஒரே விளைவு. 1966இல் அதே நிறுவனத்தில் ஜேரட் கிரந்தமும் மாரிஸ் பர்கும் முயலின் சேகரிப்பு நாளத்தைத் தனியாக எடுத்துச் சோதித்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய குழல் அது. நுண்ணோக்கியின் கீழ் கையாலேயே பிரித்தெடுத்து, இரு முனையிலும் கண்ணாடிக் குழாய் பொருத்தி, உள்ளே திரவம் ஓட்டி, எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். இங்கேயும் வாசோபிரெசினும் சைக்ளிக் ஏ.எம்.பி.யும் சொன்ன சேதி ஒன்றே. கிரந்தமின் பெயரையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு படியாகக் கட்டப்பட்டது. வாசோபிரெசின் செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் இருக்கும் வி2 ஏற்பியில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உட்காரும். ஏற்பி, செல்லுக்குள் சேதியைக் கடத்தும் ஜி-புரதத்தைத் தட்டும் (இதற்கு மார்ட்டின் ராட்பெல்லுக்கும் ஆல்ஃபிரட் கில்மனுக்கும் 1994இல் நோபல்). அது ஒரு நொதியை எழுப்பும், நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. செய்யும். அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை அவிழ்த்துவிடும், அந்த நொதி வேறு புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். ஆக்ரே மாணவராகச் சுத்தம் செய்த அந்த ஈ.கோலை நச்சு வேலை செய்வதும் இதே ஏணியில்தான். குடல் செல்லில் ஜி-புரதத்தை அணையவிடாமல் மாட்டிவைக்கும், சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் வெளியே கொட்டும். சிறுநீரகத்தில் தண்ணீரைக் காப்பாற்றும் சமிக்ஞையே குடலில் தண்ணீரை இழக்க வைக்கிறது. தட்டும் கை ஒன்று, கதவு வேறு.

ஏணியின் கடைசிப் படியில்தான் இருட்டு. பாஸ்பேட் ஒட்டியதும் தண்ணீர் எப்படிப் போகிறது? தேரைப் பையை உறைய வைத்து உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், ஹார்மோன் கொடுத்த பிறகு சவ்வில் பொட்டுப் பொட்டாகத் துகள் கூட்டங்கள் முளைப்பதைக் கண்டார்கள். செல்லுக்குள் குமிழிகளில் தண்ணீர் வாசல்கள் தயாராகக் காத்திருக்கின்றன, ஹார்மோன் வந்தால் சவ்வுக்கு ஏறுகின்றன, போனால் இறங்குகின்றன என்று 1981இல் ஜேம்ஸ் வேட் ஒரு கருத்தை முன்வைத்தார். அருமையான ஊகம். ஆனால் எந்தப் புரதம் என்று யாருக்கும் தெரியாமல் அது அந்தரத்தில் தொங்கியது.

பால்டிமோரின் தவளை முட்டைதான் அந்த ஊகத்துக்குக் கால் கொடுத்தது. ஒரு வாசலின் வரிசை தெரிந்ததும் அதன் சொந்தங்களைத் தேடுவது எளிதாயிற்று. 1993இல் டோக்கியோவில் கியோஷி ஃபுஷிமியும் செய் சசாகியும் சேகரிப்பு நாளத்தின் வாசலைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் அக்வாபோரின்-2. 1995இல் சோரன் நீல்சனும் மார்க் நெப்பரும் குழுவினரும் எலியின் சேகரிப்பு நாளத்தைத் தனியாகப் பிரித்து, பர்க் வழியில் கண்ணாடிக் குழாயில் பொருத்தி, முதலில் அதன் தண்ணீர் ஓட்டத்தை அளந்தார்கள். பிறகு அதே குழலை உறைய வைத்து, தங்கத் துகள் பூசிய எதிர்ப்பொருளால் அக்வாபோரின்-2 எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணினார்கள். வாசோபிரெசின் இல்லாத குழலில் தங்கப் பொட்டுகள் பெரும்பாலும் செல்லின் உள்ளே, குமிழிகளில். கொடுத்த குழலில் சிறுநீர்ப் பக்கச் சவ்வில். கொடுத்துவிட்டுக் கழுவிய குழலில் திரும்பவும் உள்ளே. ஓட்டத்தின் அளவும் அதற்கேற்ப ஏறி இறங்கியது. அளந்த குழலும் பார்த்த குழலும் ஒன்றே என்பதுதான் அந்தச் சோதனையின் அழகு. செல்லின் ரத்தப் பக்கத்தில் அக்வாபோரின்-3, 4 எப்போதும் இருக்கின்றன. பூட்டு சிறுநீர்ப் பக்கத்தில் மட்டும்தான்.

பாடநூல்களில் கதை இங்கே முடிந்துவிடும்: கைனேஸ் ஏ, அக்வாபோரின்-2இன் 256ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட்டை ஒட்டும், குமிழி மேலே போகும். படம் போட வசதியான நேர்கோடு. ஆனால் நெப்பரின் ஆய்வகம் அதற்குப் பிறகு செய்த வேலை அந்தக் கோட்டை நன்றாகவே வளைத்துவிட்டது. ஒரு புரதத்தில் எங்கெல்லாம் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்று மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைநிறமாலைமானியைக் கொண்டு ஒட்டுமொத்தமாகப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவின்படி அக்வாபோரின்-2இன் வாலில், அதாவது புரதச் சங்கிலியின் கடைசி நுனியில், ஒன்றல்ல, நான்கு இடங்கள்: 256, 261, 264, 269. வாசோபிரெசின் வந்தால் 269இல் பாஸ்பேட் ஏறுகிறது, 261இல் இறங்குகிறது. 256இலோ ஹார்மோன் இல்லாதபோதே கணிசமாக இருக்கிறது. அந்த வால் விளக்கு சுவிட்ச் போல ஒற்றைப் பொத்தான் அல்ல, பல எண் பூட்டு மாதிரி.

2017இல் அதே ஆய்வகம் இன்னும் துணிந்து, எலியின் சேகரிப்பு நாளச் செல்களில் கைனேஸ் ஏவின் இரண்டு மரபணுக்களையும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் வெட்டி எறிந்தது. பாடநூல் சொல்வது சரியென்றால் அக்வாபோரின்-2 குமிழிகளிலேயே தங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு: அந்தப் புரதத்தின் உற்பத்தியே ஏறக்குறைய நின்றுவிட்டது. கைனேஸ் ஏவின் கை, குமிழியை நகர்த்துவதோடு நிற்காமல் மரபணுவை எழுப்புவது வரை நீள்கிறது. இன்னொன்று, கைனேஸ் ஏ அறவே இல்லாத செல்லிலும் வாசோபிரெசின் பல புரதங்களின் பாஸ்பேட்டை மாற்றத்தான் செய்கிறது. வேறு கைனேஸ்களும் இந்த ஆட்டத்தில் இருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகத் தண்ணீரை அளக்கும் ஒரு செல், ஒற்றைக் கம்பியில் தொங்குகிறது என்றால்தான் பயப்பட வேண்டும்.

இந்த ஏணியில் எந்தப் படி உடைந்தாலும் நோயாளி அனுபவிப்பது ஒன்றுதான்: நாளுக்கு 10, 15 லிட்டர் வரை வெளுத்த சிறுநீர், தீராத தாகம். வாசோபிரெசின் சுரக்காமல் போனால் டெஸ்மோபிரெசின் என்ற செயற்கை வடிவம் கொடுத்தால் தீரும். ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் கேட்காவிட்டால் அது உதவாது. பிறவியிலேயே அப்படி இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பழுது வி2 ஏற்பியில். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. 1992இல் இந்த ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்ததும் குடும்பங்களின் பழுதுகள் வரிசையாகத் தெரிய வந்தன. 1994இல் பீட்டர் டீன் குழு நெதர்லாந்தில் அக்வாபோரின்-2விலேயே பழுது உள்ள நோயாளியைக் கண்டது. மனித சிறுநீரகத்தில் கதவு இதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. மனநல மருத்துவத்தில் தரும் லித்தியமும் இதே கதவைக் குறைக்கிறது. சோடியம் போகும் வழியாகச் சேகரிப்பு நாளச் செல்லுக்குள் நுழைந்து அக்வாபோரின்-2இன் அளவை வெகுவாக இறக்கிவிடுகிறது.

இந்த நோய்க்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பெயரில் ‘டயாபடீஸ்’ இருப்பதால் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளி என்று நினைத்து, உயிர்காக்கும் டெஸ்மோபிரெசினை நிறுத்திவிட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2022இல் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று ‘வாசோபிரெசின் குறைபாடு’, ‘வாசோபிரெசின் எதிர்ப்பு’ என்று பெயரை மாற்றப் பரிந்துரைத்தது. எந்தப் படி உடைந்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

ஏணியை வேண்டுமென்றே உடைப்பதும் உண்டு. கிரந்தமை நினைவில் வைக்கச் சொன்னேனே? 1966இல் முயல் குழலோடு தொடங்கிய அவர் பிறகு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோயில் இறங்கினார். கட்டிகளின் செல்களைப் பெருக வைப்பதும், உள்ளே திரவத்தைச் சுரக்க வைப்பதும் அதே சைக்ளிக் ஏ.எம்.பி. அப்படியென்றால் வி2 ஏற்பியை அடைத்தால்? விலங்குகளில் கட்டிகள் சிறுத்தன. 2012இல் டோல்வாப்டன் என்ற மாத்திரை மனிதர்களிலும் கட்டிகள் வளரும் வேகத்தைக் குறைக்கிறது என்று பெரிய சோதனை காட்டியது. 2018இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. விலை, கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய தொல்லை இருக்கட்டும், அதை விழுங்குபவர் செயற்கையாக அந்தப் பழைய நோயையே வாங்கிக்கொள்கிறார்: லிட்டர் லிட்டராகச் சிறுநீர், ராத்திரி பலமுறை எழுந்திருப்பது, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில்.

ஆக்ரே நோபலுக்குப் பிறகு மலேரியா பக்கம் திரும்பினார். ஹாப்கின்ஸின் மலேரியா ஆய்வு நிலையத்துக்கு 2008இலிருந்து தலைமை தாங்கினார். மலேரியா ஒட்டுண்ணியும் சிவப்பணுவில்தான் குடியிருக்கிறது, அதற்கும் ஓர் அக்வாபோரின் உண்டு.

கடைசியாக, முதல் வாசலான அக்வாபோரின்-1 பற்றி ஒரு வால். அது இல்லாமல் மனிதர் பிழைப்பாரா என்று பார்க்க ஆக்ரேயின் குழு வழி தேடியது. ஆர்.எச். புரதத்தோடு ஒட்டி வந்த இந்த அழுக்கே இன்னொரு ரத்த வகையின் அடையாளம் என்று இதற்குள் தெரிந்திருந்தது. கோல்ட்டன் வகை. அதன் இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு கோல்ட்டன் அடையாளமே கிடையாது. கர்ப்ப காலத்தில் குழந்தையின் ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகி, ரத்த வங்கிகளின் பரிசோதனையில் தட்டுப்பட்டவர்கள். 1994இல் அவர்களில் மூவரைப் பரிசோதித்தபோது மரபணு உடைந்திருந்தது, ஆனால் ஆரோக்கியத்தில் குறையேதும் தெரியவில்லை. 2001இல் அப்படிப்பட்ட இருவரை ஒரு ராத்திரி முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லிச் சிறுநீரை அளந்தார்கள். மற்றவர்களுக்கு 1,000ஐத் தாண்டிப் போகும் அடர்த்தி, அவர்களுக்கு சுமார் 450இலேயே நின்றது. வாசோபிரெசினை ஊசியாகச் செலுத்தியும் பெரிதாக ஏறவில்லை. அதுவரை அவர்கள் யாரும் தங்களுக்கு ஏதோ குறை இருப்பதாக உணர்ந்ததில்லை. தாகம் எடுத்தபோது தண்ணீர் குடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.